ஒரு மாத்திரை எவ்வளவு நேரம் வேலை செய்யும்?

பாராசிட்டமால் என்றால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. தைராய்டு மாத்திரை காலையில் ஒன்று. எலும்பு அடர்த்திக் குறைவுக்குத் தரும் அலென்ட்ரோனேட் 70 மி.கி. வாரத்துக்கு ஒன்றே ஒன்று. மருந்துச்சீட்டில் வரும் இந்த இடைவெளிகள் குத்துமதிப்பாகப் போட்டவை அல்ல. இரண்டு கணக்குகளைப் பார்த்துத்தான் அவற்றை முடிவு செய்கிறார்கள். மருந்து ரத்தத்தில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பது ஒன்று. அது செய்துவிட்டுப் போன வேலை எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்பது இன்னொன்று. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்வதால்தான் பாதிக் குழப்பம்.

முதல் கணக்குக்கு அரைவாழ்வு என்று பெயர். ரத்தத்தில் உள்ள மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம் அது. பாராசிட்டமாலுக்கு ஏறத்தாழ 2 முதல் 3 மணி நேரம். ஒவ்வொரு அரைவாழ்விலும் மிச்சத்தில் பாதி போகும். ஐந்தாவது முடியும்போது 3 சதவீதம்தான் எஞ்சும். ஏறுவதற்கும் இதே கணக்குதான். தினமும் ஒரே அளவில் சாப்பிட்டு வந்தால், நான்கைந்து அரைவாழ்வு கழிந்த பிறகுதான் ரத்தத்தில் மருந்தின் அளவு ஒரு நிலைக்கு வரும்.

ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபினின் அரைவாழ்வு 30 முதல் 50 மணி நேரம். முழுப் பலன் தெரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்று அர்த்தம். மூன்றாம் நாளே அழுத்தத்தை அளந்துவிட்டு “மாத்திரை கேட்கவில்லை” என்று சொல்வதில் பொருளில்லை. தைராய்டுக்கான லெவோதைராக்சின் இன்னும் மந்தம். அதன் அரைவாழ்வு சுமார் 7 நாள். அளவை மாற்றினால் ஆறு வாரம் கழித்துத்தான் மறுபடி ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள். ஒருநாள் மறந்துபோனாலும் உடம்புக்குத் தெரியாததும் இதனால்தான்.

இதுவரை நேர்க்கணக்கு. ஆஸ்பிரினிடம் வந்தால் இது செல்லாது.

ஆஸ்பிரின் தன் வடிவிலேயே ரத்தத்தில் இருப்பது சொற்ப நேரம். அரைவாழ்வு 15 முதல் 20 நிமிடம். ஆனாலும் மாரடைப்பு வந்தவர்களுக்கு நாளுக்கு ஒரே ஒரு 75 மி.கி. மாத்திரை போதுகிறது. காரணம், அது தாக்கும் விதம். ரத்தம் உறையத் தொடங்கும் இடத்தில், உறைவுக்கு உதவும் சின்ன அணுக்களான தட்டணுக்கள் திராம்பாக்சேன் என்ற பொருளை வெளியிட்டு மற்றத் தட்டணுக்களை அங்கே கூட்டும். அதைத் தயாரிக்க சைக்ளோஆக்சிஜினேஸ் என்ற நொதி வேண்டும். ஆஸ்பிரின் அந்த நொதியின் உள்வழியில் தன் அசிட்டைல் துண்டை நிரந்தரமாக ஒட்டிவிட்டுப் போய்விடுகிறது. வேறு செல்லாக இருந்தால் புது நொதியைச் செய்துகொள்ளும். தட்டணுவுக்கு உட்கருவே கிடையாது. புதிதாகச் செய்ய வழியில்லை. அதன் ஆயுள் 7 முதல் 10 நாள், அதுவரை அது ஊமைதான். எலும்பு மஜ்ஜை நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு புதுத் தட்டணுக்களை அனுப்புகிறது. தினசரி மாத்திரை அந்தப் புதியவற்றை மட்டும் அடக்கினால் போதும். அறுவை சிகிச்சைக்கு முன் ஆஸ்பிரினை நிறுத்தச் சொன்னால் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வதும் இந்தக் கணக்கில்தான். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள் மட்டும் இதைத் தாமாகச் செய்துவிடக் கூடாது.

குறைந்த அளவே போதுமானதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குடலில் உறிஞ்சப்பட்ட ஆஸ்பிரின் முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே அதில் பெரும்பகுதி சிதைந்துவிடும். ஆனால் குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் அந்தச் சிறு வழியிலேயே, கடந்து போகும் தட்டணுக்களை அது பிடித்துவிடுகிறது. ரத்தக்குழாய்களின் உட்சுவருக்குப் போய்ச் சேரும் ஆஸ்பிரின் குறைவு. அந்தச் செல்களுக்கு உட்கருவும் உண்டு என்பதால் சீக்கிரம் மீண்டுவிடும்.

வலிக்குத் தரும் இபுப்ரோஃபெனும் இதே நொதியைத்தான் தடுக்கிறது. ஆனால் ஒட்டிக்கொள்வதில்லை. அரைவாழ்வு சுமார் 2 மணி நேரம்; அளவு குறையக் குறைய நொதியை விட்டு விலகிவிடும். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவதில்தான் வினை. இபுப்ரோஃபெனை முதலில் விழுங்கினால் அது நொதியின் வாசலில் உட்கார்ந்துகொள்ளும். பின்னால் வரும் ஆஸ்பிரினுக்கு உள்ளே போக இடமில்லை. இபுப்ரோஃபென் எழுந்து போவதற்குள் ஆஸ்பிரின் ரத்தத்திலிருந்து மறைந்துவிடும். இதயத்துக்கான பாதுகாப்பு அன்றைக்கு இல்லை. வெளியே ஓர் அறிகுறியும் தெரியாது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2006-இல் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது: உறையிடாத சாதாரண ஆஸ்பிரின் சாப்பிட்டு அரை மணி நேரமாவது கழித்து இபுப்ரோஃபென் 400 மி.கி. சாப்பிடலாம், அல்லது ஆஸ்பிரினுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் முன்பாகவே சாப்பிட்டிருக்க வேண்டும்.

அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்ரசோலும் இந்த ஒட்டிக்கொள்ளும் ஜாதிதான். அரைவாழ்வு ஒரு மணி நேரத்துக்குள், பலன் ஒரு நாள் முழுக்க. இரைப்பைச் செல்லின் அமிலப் பம்பில் அது நிரந்தரமாகப் பிணைகிறது. ஆனால் அப்போது ஓடிக்கொண்டிருக்கும் பம்பில்தான் பிணைய முடியும், ஏனென்றால் அமிலம் பட்டால்தான் இந்த மருந்தே விழித்துக்கொள்ளும். பம்புகளை ஓடவைப்பது சாப்பாடு. எனவே காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு என்ற விதி. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, எரிச்சல் வந்த பிறகு விழுங்குகிறவர்கள் ஏராளம். மருந்து பம்பைத் தேடி வருவதற்குள் சாப்பாடு தூண்டிய அமிலம் சுரந்து முடிந்திருக்கும். ஒழுங்காகச் சாப்பிட்டாலும் முதல் நாளில் எல்லாப் பம்பும் அடங்காது. முழுப் பலனுக்கு மூன்று நான்கு நாள் ஆகும்.

ரத்தம் உறைவதைக் குறைக்கத் தரும் வார்ஃபரினில் கதை தலைகீழ்: மருந்து வந்துவிடும், வேலை தாமதமாகும். உறைதல் புரதங்கள் சிலவற்றைக் கல்லீரல் தயாரிக்க வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரின் அந்த வைட்டமினின் மறுசுழற்சியைத் தடுக்கிறது. ஏற்கெனவே ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் புரதங்களை அது தொடுவதில்லை. அவை தாமாகத் தீர வேண்டும். அவற்றில் ஏழாம் காரணி என்ற புரதத்தின் அரைவாழ்வு சுமார் 6 மணி நேரம், புரோத்ராம்பின் என்ற இன்னொன்றுக்கோ 60 மணி நேரத்துக்கு மேல். ஆகவே இரண்டாம் மூன்றாம் நாளில், ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எண் ஏறுவதைப் பார்த்து ரத்தம் போதிய அளவு உறையாமல் இருக்கிறது என்று நம்பிவிட முடியாது. அது பெரும்பாலும் ஏழாம் காரணி தீர்ந்ததன் அடையாளம். உறைவுக்கு எதிரான சி புரதமும் வைட்டமின் கேயை நம்பியது. அதுவும் சீக்கிரம் தீர்ந்துவிடுவதால் முதல் சில நாள் உறைவு வாய்ப்பு கூடவும் செய்யலாம். புதிதாக ரத்தக்கட்டி வந்தவர்களுக்குக் குறைந்தது 5 நாள், உடனே உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியையும் சேர்த்துப் போடுவது இந்த இடைவெளியை அடைக்கத்தான்.

அரைவாழ்வு என்பதே மாறாத எண் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கல்லீரல் நொதிகள் ஒரு நேரத்தில் இவ்வளவுதான் சிதைக்க முடியும். வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின் வழக்கமான அளவிலேயே அந்த எல்லையை எட்டிவிடும். 300 மி.கி.யை 400 ஆக்கினால் மருந்தளவு மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. ரத்தத்தில் அது இரட்டிப்பாகக்கூட ஆகலாம். கருவிழி தானாக ஆடும், நடை தள்ளாடும். கொஞ்சங்கொஞ்சமாக ஏற்ற வேண்டிய மருந்து அது.

பாராசிட்டமாலும் அளவு மீறினால் இந்த எல்லையை முட்டும். வழக்கமான அளவில் பெரும்பகுதியைக் கல்லீரல் குளுக்குரோனிக் அமிலத்தோடும் சல்ஃபேட்டோடும் சேர்த்துச் சிறுநீர் வழியே அனுப்பிவிடும். 5 முதல் 10 சதவீதம் மட்டும் நச்சுப் பொருளாக மாறும். அதைக் கல்லீரலிலேயே இருக்கும் குளுட்டதயோன் என்ற பொருள் உடனே அடக்கிவிடும். அளவு மீறினால் முதல் இரண்டு வழிகளும் திணறும், நச்சு பெருகும், குளுட்டதயோன் தீரும். பிறகு நச்சு கல்லீரல் செல்லின் புரதங்களையே பிடிக்கும். முதல் நாளில் குமட்டலுக்கு மேல் ஒன்றும் தெரியாது. சிலருக்கு அதுவும் இருக்காது. மருந்து ரத்தத்தை விட்டுப் போன பிறகு, மூன்றாம் நான்காம் நாளில்தான் கல்லீரல் சேதம் உச்சத்துக்கு வரும். அறிகுறிக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடச் சொல்வது இதனால்தான். விழுங்கி 4 மணி நேரத்துக்குப் பிறகு ரத்தத்தில் அளவு பார்ப்பார்கள். குளுட்டதயோனை மீண்டும் நிரப்பும் அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்தை 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் மிக அதிகம். பெரியவர்களுக்கு நாளுக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு. சளி மாத்திரை, உடம்புவலி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை என்று மூன்று பெயரில் வாங்கினாலும் அட்டையின் பின்பக்கம் மூன்றிலும் பாராசிட்டமால் என்றே இருக்கலாம். கூட்டிப் பார்க்க வேண்டிய எண் அதுதான்.