குடும்ப வரலாறு தேடும்போது, மறைத்து வைத்த சாவு ஒன்று எதிர்ப்பட்டால்

வன்னியில் குடும்பக் கதை தேடுகிறவர்கள் இப்போது கூடிக்கொண்டே வருகிறார்கள். கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் லீவுக்கு வரும் பிள்ளைகள் ஒரு கொப்பியோடு அம்மம்மாவுக்கு முன்னால் வந்து இருக்கிறார்கள். இங்கேயே இருப்பவர்களுக்கோ காணி அனுமதிப்பத்திரத்தைப் பெயர் மாற்றப் போகும்போது பாட்டன், பூட்டன் விபரமெல்லாம் தேவைப்படுகிறது. படம், உறுதி, பிறப்புப் பத்திரம் என்று எல்லாவற்றையும் வழியில் விட்டுவிட்டு வந்த சனம் நாங்கள், இந்தத் தேடல் எங்களுக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் உளவளத்துணையாளராக வேலை செய்வதால் அதன் இன்னொரு பக்கத்தையும் பார்க்கிறேன். தேடிக்கொண்டு போகிற பிள்ளை, வீட்டில் ஒருவருமே வாய் திறக்காத ஒரு சாவில் போய் முட்டிக்கொண்டு, அதை யாரிடம் கேட்பதென்று தெரியாமல் தனியாகத் தூக்கிக்கொண்டு திரிகிறது.

போரில் செத்தவர்களை எங்கள் வீடுகளில் மறைப்பதில்லை. சுவரில் படம் இருக்கும், பொட்டும் மாலையும் இருக்கும், மே மாதம் வந்தால் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறோம். தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவருக்குத்தான் படம் இல்லை. காலம் போகப்போக, கேட்கிற பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு பதிலும் கைக்கு வந்துவிட்டது: "அவர் ஷெல்லில செத்தவர்." இதை நான் ஒரு வீட்டில் மட்டுமல்ல, பல வீடுகளில் கேட்டிருக்கிறேன்.

ஒரு பிள்ளையின் கதையைச் சொல்கிறேன், அவளுடைய சம்மதத்தோடு, ஆளைத் தெரியாதபடி சில விபரங்களை மாற்றி. அம்மப்பாவின் அந்தியேட்டிக்கு அடித்த நினைவுமலரை வைத்துத்தான் அவள் வம்சாவழி எழுதத் தொடங்கினாள். எங்கள் ஆட்களின் குடும்ப வரலாற்றுக்கு நினைவுமலரையும் மரண அறிவித்தலையும் போல உதவுகிற ஆவணம் வேறில்லை, யாருக்கு யார் மகன், யாருக்கு யார் மைத்துனர் என்று எல்லாம் வரிசையாக இருக்கும். அம்மப்பாவின் தமக்கை செத்தபோது போட்ட பழைய அறிவித்தலில் "காலஞ்சென்ற" என்ற வரிசையில் ஒரு தம்பியின் பெயர் இருந்தது. அம்மப்பாவின் மலரில் அந்தப் பெயர் இல்லை. தாயிடம் கேட்டால் அதே ஷெல் பதில். ஆனால் அவருடைய காணி 1980களின் தொடக்கத்திலேயே அம்மப்பாவின் பெயருக்கு வந்திருந்தது, அப்போது அங்கே எந்த ஷெல்லும் விழவில்லை. சரி, இறப்புப் பத்திரத்தை எடுப்போம் என்று புறப்பட்டிருக்கிறாள். (கிளிநொச்சியில் பழைய பத்திரம் தேடுகிறவர்கள் கவனியுங்கள்: 1984 இல்தான் அது தனி மாவட்டமானது, அதற்கு முந்திய பதிவுகளில் மாவட்டம் யாழ்ப்பாணம் என்றுதான் இருக்கும்.) கடைசியில் பத்திரம் கிடைத்தது. இறப்பின் காரணம் எழுதும் இடத்தில் நஞ்சு என்றும், திடீர் மரண விசாரணை நடந்ததென்றும் இருந்தது.

என்னிடம் வந்தபோது அவள் சரியாக நித்திரை கொண்டு பல நாள். கண்டே இராத ஒருவருக்காக ஏன் இந்தளவு என்று பார்த்தால், விஷயம் வேறு. "அம்மாவும் முகாமில இருக்கேக்க ஒருக்கால் சாகப்போறன் எண்டு நிண்டவ. அப்ப இது எங்கட ரத்தத்திலயே இருக்கோ, மிஸ்?"

இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் பலர். அதனால் நேராகவே சொல்கிறேன். குடும்பத்தில் இப்படியொரு சாவு இருந்தால் மற்றவர்களுக்கு ஆபத்து ஓரளவு கூடலாம் என்பது உண்மை, அதை மறைக்கத் தேவையில்லை. நீரிழிவு இருக்கிற குடும்பம் என்று வைத்தியரிடம் சொல்வதுபோல இதையும் சொல்ல வேண்டும். ஆனால் அது தலைவிதி கிடையாது. அந்தச் சாவு நடந்த காலத்தையும் பாருங்கள், கொடிய பூச்சிகொல்லிகளுக்குத் தடை வருவதற்கு முந்திய காலம் அது. 1995 இல் இலங்கையில் லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் செத்தார்கள், உலகத்திலேயே மிக உயர்ந்த அளவுகளில் அது ஒன்று. 1984 இல் தொடங்கிக் கொடிய பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்து, 1995 இல் மிகக் கொடியவற்றை முழுதாக நிறுத்திய பிறகு, அடுத்த பத்து வருடத்தில் அந்த எண்ணிக்கை ஏறக்குறைய பாதியானது. மனிதருக்குக் கவலை குறைந்துபோய் இது நடக்கவில்லை. ஒரு கண நேர வேகத்தில் கையை நீட்டியவர்கள் பிழைத்துக்கொண்டார்கள், பிழைத்தவர்களில் பெரும்பாலானவர்கள் பிறகு அந்த வழியில் போகவுமில்லை. அறிவித்தலில் பெயர் இருந்த அந்தத் தம்பிக்கு அந்த இரண்டாவது வாய்ப்புக் கிடைக்கவில்லை.

வீட்டார் ஏன் மறைத்தார்கள் என்று அவளுக்குக் கோபம். கோபம் நியாயமானதுதான். ஆனால் தற்கொலைக்கு முயல்வது இலங்கையில் 1998 வரைக்கும் சட்டப்படி குற்றம். பொலிஸ், விசாரணை, ஊர்வாய், பிறகு வீட்டில் குமர்ப்பிள்ளைகளுக்குச் சம்பந்தம் கதைக்கும்போது இதை யாரும் கிளறிவிடுவார்களோ என்ற பயம். இவ்வளவுக்கும் நடுவில்தான் அந்த வாய்கள் மூடிக்கொண்டன, பிறகு வந்த இடப்பெயர்வுகளில் அதைத் திறக்க யாருக்கும் நேரமே வரவில்லை.

அடுத்தது, வயதானவர்களிடம் எப்படிக் கேட்பது. பத்திரத்தைக் கொண்டுபோய் மடியில் போட்டு "இது என்ன?" என்று கேட்காதீர்கள், தயவுசெய்து. அது விசாரணை, அவர்கள் ஏற்கெனவே வேண்டியளவு விசாரணைகளைக் கண்டவர்கள். வீட்டில் கூட்டம் இல்லாத ஒரு பின்னேரம் பார்த்து, அவர் எப்படிச் செத்தார் என்பதை விட்டுவிட்டு, எப்படி இருந்தார் என்று கேளுங்கள். இவளும் அப்படித்தான் கேட்டாள். அம்மம்மா முதலில் அடுப்படிக்கு எழும்பிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தால் திரும்பி வந்து, காத்தவராயன் கூத்தில் அவர் ஆரியமாலாவுக்கு வேடம் கட்டினால் ஊரே நித்திரை முழித்துப் பார்க்கும் என்றும், குழம்பில் கத்தரிக்காய் கிடந்தால் பொறுக்கி ஓரத்தில் வைப்பார் என்றும் சொன்னாராம். அப்புறம்தான் மிளகாய்த் தோட்டக் கதை வந்தது. 1977 க்கு முந்திய வருடங்களில் இறக்குமதி இல்லாததால் மிளகாயும் வெங்காயமும் செய்தவர்கள் நிமிர்ந்தார்கள், இறக்குமதியைத் திறந்துவிட்டதும் விலை விழுந்தது, அவர் தண்ணீர் இறைக்கும் மிசினுக்கு வாங்கிய கடன் அப்படியே நின்றது. கடன்தான் காரணம் என்று முடித்துவிட முடியாது, அதே கடனோடு இருந்தவர்கள் எத்தனையோ பேர் வாழ்ந்தார்கள். ஒரு சாவை ஒரே காரணத்துக்குள் அடைத்தால் மிச்சமிருப்பவர்களில் யாரோ ஒருவர் தலையில் பழி விழும். இந்த வீட்டில் அது அம்மம்மாவின் தலையில்தான் இருந்திருக்கிறது. அன்றைக்குக் காலையில் அவர் சாப்பிடாமல் போனதைத் தான் கவனிக்கவில்லை என்று, இவ்வளவு வருடமும்.

பெரியவர் சொல்ல மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். சொல்லாமல் இருப்பதற்கும் அவருக்கு உரிமை இருக்கிறது. எந்த வழியில் செத்தார் என்ற விபரத்தை ஊருக்கும் முகநூலுக்கும் கொடுக்காதீர்கள், அது பக்கத்திலிருக்கும் வேறொருவரை உலுப்பலாம். வீட்டுச் சின்னப்பிள்ளை கேட்டால் பொய் சொல்லவும் வேண்டாம். "அவருக்கு மனசு மிச்சம் கஷ்டப்பட்டது, உதவி கிடைக்கேல்ல, செத்துப்போனார்" என்றால் அந்த வயதுக்குப் போதும்.

கண்டுபிடித்த பிறகு நித்திரை வராவிட்டால், சாப்பாடு இறங்காவிட்டால், உங்களுக்கே சாகிற எண்ணம் தலைகாட்டினால், தேடலை நிறுத்தி வைத்துவிட்டு முதலில் ஆளோடு கதையுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். மாவட்ட வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போனால் யாராவது கண்டுவிடுவார்கள் என்று பயந்து பிந்துகிறவர்களைத்தான் நான் கூடுதலாகக் காண்கிறேன். தனியாகப் போகத் தயக்கமென்றால் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அந்தப் பத்திரத்தையும் கையோடு கொண்டுபோங்கள், எங்கே தொடங்குவதென்று தெரியாவிட்டால் அதைக் காட்டித் தொடங்கலாம்.