துபாய் வெயிலும் பன்னிரண்டரை மணி விதியும்

மே மாதம் முடிவதற்குள்ளேயே துபாய் லேபர் கேம்ப்களில் "பிரேக் எப்போ ஆரம்பம்?" என்ற பேச்சு வந்துவிடும். பதில் வருடா வருடம் ஒன்றுதான். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை, நேரடி வெயிலிலோ திறந்த வெளியிலோ யாரையும் வேலை வாங்கக் கூடாது. ஐக்கிய அரபு அமீரகத்தின் மனிதவள அமைச்சகம் போட்ட விதி இது. துபாய்க்கு மட்டுமல்ல, நாடு முழுக்கச் செல்லும். 2025 கோடை இதற்கு 21ஆவது ஆண்டு.

கட்டடம், சாலை, தோட்டவேலை, துப்புரவு என்று வெளியே நின்று செய்கிற வேலைக்கெல்லாம் பொருந்தும். மீறினால் ஓர் ஆளுக்கு 5,000 திர்ஹம் வீதம் கம்பெனிக்கு அபராதம். நிறைய பேரை வேலை வாங்கியிருந்தால் 50,000 வரை போகும். இந்தப் பணம் தொழிலாளி கைக்கு வராது, அரசுக்குத்தான் போகும். "கம்ப்ளெயின்ட் பண்ணினால் ஐயாயிரம் கிடைக்குமாமே" என்று ஒரு பேச்சு உலவுவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

குழப்பம் அதிகம் வருவது வேலை நேரக் கணக்கில்தான். இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தாகிவிட்டது, அதனால் இரவு எட்டு வரை நிற்க வேண்டும் என்று எந்த ஃபோர்மேனும் சொல்ல முடியாது. காலை, மாலை இரண்டு வேளையும் கூட்டி 8 மணி நேரம்தான் ஒரு நாள் வேலை. காலை 5.30க்குத் தொடங்கி 12.30 வரை செய்தால் ஏழு மணி நேரம், அப்புறம் 3 முதல் 4 வரை ஒரு மணி நேரம், அவ்வளவுதான். நடுவில் காலைச் சாப்பாட்டுக்கு விட்ட நேரத்தைக் கழித்துக்கொள்வார்கள், அது சரிதான். எட்டுக்கு மேல் போனால் ஓவர்டைம். அடிப்படைச் சம்பளத்தில் மணிக்கணக்குப் போட்டு, அதன் மேல் 25 விழுக்காடு சேர்த்துத் தர வேண்டும். பொதுவாக நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் கூடாது. ஷிஃப்ட் ஆளாக இல்லாமல், இரவு 10க்கும் விடிகாலை 4க்கும் இடையில் கூடுதலாக வேலை வாங்கினால் 50 விழுக்காடு. கோடையில் பல சைட்களில் வேலை இரவுக்கு மாறிவிடும் என்பதால் இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. வேலை நேர அட்டவணையை அரபியிலும் தொழிலாளிக்குப் புரிகிற மொழியிலும் சைட்டில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டி வைப்பதும் கம்பெனியின் பொறுப்பு.

சரி, அந்த இரண்டரை மணி நேரத்தை எங்கே கழிப்பது? நிழலான இடம், மின்விசிறியோ வேறு குளிர்விக்கும் ஏற்பாடோ, போதுமான குடிநீர், உப்புக் கரைசல், முதலுதவிப் பெட்டி எல்லாம் கம்பெனி தர வேண்டியவை. நடைமுறையில் இது சைட்டுக்கு சைட் மாறும். பெரிய புராஜெக்ட் என்றால் ஏசி போட்ட கேபின் இருக்கும். சின்ன கான்ட்ராக்டரிடம் என்றால், பாதி எழும்பிய கட்டடத்தின் அடித்தளத்தில் சிமென்ட் மூட்டைக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, ஹெல்மெட்டைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பார்கள். அங்கே ஒரு பெரிய விசிறி சுற்றும். காற்றே 42 டிகிரியில் இருக்கும்போது அந்த விசிறி அடுப்பு ஊதுகிற வேலையைத்தான் செய்கிறது. உடம்பில் தண்ணீர் தெளித்துக்கொண்டோ, ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டோ அதன் முன் உட்கார்ந்தால் மட்டும் கொஞ்சம் பலன் உண்டு.

விதிவிலக்கும் இருக்கிறது. தார் போடுவது, கான்கிரீட் ஊற்றுவது போல நடுவில் நிறுத்தினால் கெட்டுவிடும் வேலைகள், தண்ணீர் அல்லது மின்சாரம் தடைபட்டதைச் சரிசெய்வது, போக்குவரத்தைப் பாதிப்பதால் அரசு அனுமதி வாங்கித்தான் செய்ய முடிகிற சாலை வேலை ஆகியவை 12.30க்குப் பிறகும் தொடரலாம். ஆனால் அப்போதும் குடிநீர், நிழல், முதலுதவி எல்லாம் கட்டாயம். கான்கிரீட் ஊற்றும் நாளில் அந்தச் சாக்கை வைத்துப் பக்கத்தில் கம்பி கட்டுகிறவர்களையும் வெயிலில் நிறுத்தினால் அது விதிமீறல்தான். விலக்கு வேலைக்குத்தான், சைட்டுக்கு அல்ல.

இனி விதியின் ஓட்டைக்கு வருவோம். இது கடிகாரத்தையும் காலண்டரையும் பார்க்கிறது, வெப்பத்தைப் பார்ப்பதில்லை. 2025 மே 24 அன்று அமீரகத்திலேயே, அல் ஐன் நகரத்துப் பக்கம் சுவைஹானில் 51.6 டிகிரி பதிவானது. பிரேக் தொடங்க அப்போது இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதோடு துபாய் கடலோர ஊர். ஆகஸ்ட், செப்டம்பரில் பிற்பகல் வெயிலைவிட மாலைப் புழுக்கம்தான் ஆளைக் கொல்லும். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் சட்டை நனையுமே தவிர சூடு இறங்காது. 3 மணிக்கு மேல் நிலைமை பத்திரம் என்று நினைத்தால் ஏமாந்துவிடுவோம்.

கத்தார் இதில் ஒரு படி முன்னே போனது. 2021 முதல் அங்கே ஜூன் 1 தொடங்கி செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் 3.30 வரை வெளி வேலைக்குத் தடை. காற்றின் சூடு, ஈரப்பதம், வெயில், காற்றோட்டம் நான்கையும் சேர்த்து அளக்கும் அளவுகோல் 32.1 டிகிரியைத் தாண்டினால், மணி என்னவானாலும் வேலையை நிறுத்த வேண்டும். துபாய்க்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பது என் கருத்து. அமீரக அமைச்சகம் 99 விழுக்காட்டுக்கு மேல் நிறுவனங்கள் விதியை மதிப்பதாகச் சொல்கிறது. நம்பலாம். ஆனால் 12.30 மணி விதியை மதிப்பதும் ஆள் மயங்கி விழாமல் பார்ப்பதும் ஒன்றல்லவே.

பைக்கில் உணவு டெலிவரி செய்யும் பையன்களுக்கு இந்தத் தடை கிடையாது. மதியச் சாப்பாட்டு நேரம்தானே அவர்களுக்கு வியாபார நேரம்! அதற்குப் பதிலாக நாடு முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஏசி ஓய்விடங்கள் ஏற்பாடு செய்யப்பட்டிருக்கின்றன. கத்தாரிலோ 2022லிருந்து அந்த நேரத்தில் பைக் டெலிவரியே கூடாது.

விதியில் இல்லாவிட்டாலும் உயிரைக் காக்கிற ஒரு விஷயம் உண்டு. வெப்பத்தால் சாகிறவர்களில் பெரும்பாலோர் வேலைக்கு வந்த முதல் வாரத்தில் சாகிறவர்கள் என்பது தொழில் மருத்துவத்தில் நன்கு தெரிந்த செய்தி. உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். புதிதாக வந்தவருக்கு முதல் நாள் வழக்கமான வெயில் வேலையில் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு தினமும் அதே அளவு கூட்ட வேண்டும் என்பதுதான் பரிந்துரை. ஜூலையில் ஊருக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்புகிறவருக்கும் உடம்பு பழக்கத்தை விட்டிருக்கும். "நான் பத்து வருஷமா இங்கே இருக்கேன்" என்பது அப்போது செல்லாது.

தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கால் மணிக்கு ஒரு முறை ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். ஒருவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, வாய் குழறினாலோ, தள்ளாடினாலோ அது சாதாரண மயக்கம் இல்லை. 998க்கு அடித்து ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வருவதற்குள் நிழலுக்குத் தூக்கிப் போய், சட்டையைக் கழற்றி உடம்பெல்லாம் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுங்கள். நினைவு தவறியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

கம்பெனி விதியை மீறினால் அமைச்சகத்தின் 600590000 என்ற எண்ணுக்குப் பேசலாம், அதன் ஆப் வழியாகவும் சொல்லலாம். இந்தியர்கள் ஆலோசனைக்குத் துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரக உதவி மையத்தை 800 46342 என்ற இலவச எண்ணில் அழைக்கலாம். பேசுவதற்கு முன் கம்பெனி பெயர், சைட் இருக்கும் இடம், பக்கத்தில் தெரிகிற ஓர் அடையாளம், தேதி, மணி, எத்தனை பேர் வெயிலில் நின்றார்கள் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் வீடியோ எடுத்து டிக்டாக்கிலோ ஃபேஸ்புக்கிலோ மட்டும் போட்டுவிடாதீர்கள். அனுமதியில்லாமல் மற்றவரைப் படமெடுத்துப் பரப்புவது அங்கே சைபர் சட்டப்படி குற்றம். கம்பெனிக்கு அபராதம் விழும் முன் உங்கள் மேல் வழக்கு விழுந்துவிடும்.