அப்வெல்லிங்: கிணறு அல்ல, ஊற்று

கடல் பற்றிய செய்திகளில் 'அப்வெல்லிங்' என்ற சொல்லைப் பார்த்ததும் நம் கண் 'வெல்' என்பதில்தான் நிற்கும். வெல் என்றால் கிணறு என்று பள்ளியில் படித்த பழக்கம். இந்த 'வெல்' கிணறாவதற்கு முன்பு ஒரு வினைச்சொல். பழைய ஆங்கிலத்தில் கொதித்தல், குமிழியிட்டுப் பொங்குதல் என்று அதற்குப் பொருள். நீர் பொங்கிவரும் ஊற்றுக்கு முதலில் அந்தப் பெயர். கிணறு பிறகு வந்தது. 'அப்' என்பது மேல்நோக்கி என்பதைக் காட்டுகிறது.

பொருளும் அதுதான்: கடலின் கீழடுக்கில் கிடக்கும் குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேலே வருவது. ஆனால் அது பொங்குவதில்லை. வேகம் நாளொன்றுக்குச் சில மீட்டர்தான். இயக்குவது காற்று. புவி சுழல்வதால், வடகோளத்தில் காற்று தள்ளும் மேல்நீர், மொத்தமாகப் பார்த்தால், காற்றின் திசைக்கு வலப்பக்கமாக விலகிப் போகிறது. 1905-இல் இதைக் கணக்கிட்டுக் காட்டியவர் சுவீடனின் கடலியலாளர் எக்மன். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கேரளக் கரையை ஒட்டிக் காற்று தெற்கு நோக்கி வீசும்போது அதன் வலப்பக்கம் ஆழ்கடல். மேல்நீர் அங்கே போய்விட, காலியான இடத்துக்குக் கீழிருந்து நீர் ஏறுகிறது. அதில் வரும் சத்தில் நுண்பாசி செழிக்கிறது. அதைத் தின்று மத்தி, அதாவது சாளை, பெருகுகிறது.

தமிழில் என்ன சொல்வது? 'பொங்கல்' வேர்ப்பொருளுக்கு நெருக்கம், வேகத்துக்குப் பொருந்தாது. 'ஊறல்' அழகு, மெல்ல வருவதையும் சொல்லும். ஆனால் கடலடியில் நன்னீர் ஊற்றுகளும் உண்டு, குழப்பம் வரும். 'ஏற்றம்' என்றால் ஏற்றவற்றம் நினைவுக்கு வந்துவிடும். வழக்கில் உள்ள 'மேலெழுச்சி' பிழையில்லை, எந்த நீர் எழுகிறது என்பதைத்தான் சொல்லவில்லை. என் தேர்வு 'அடிநீர் எழுச்சி'.

நீரோட்டத்துக்குச் சொல் தேட வேண்டியதே இல்லை. நம் கடற்கரையில் அது 'நீவாடு'. சோழகக்காற்றின் பக்கமான தெற்கிலிருந்து வந்தால் சோநீவாடு, வாடையின் பக்கமான வடக்கிலிருந்து வந்தால் வாநீவாடு. வலை போடுகிறவருக்கு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதுதானே முக்கியம். அது பெயரிலேயே இருக்கிறது.

நீர் வட்டமாகச் சுழல்வதற்கு ஆங்கிலத்தில் 'எடி' என்று பெயர். சுழலைக் குறிக்கும் பழைய நார்ஸ் (ஸ்காண்டிநேவிய மொழி) சொல்லின் உறவு என்பார்கள். நமக்குச் 'சுழி' போதும்: ஆற்றிலும் சுழி, தலைமுடியிலும் சுழி. சிக்கல் 'சைக்ளோனிக் எடி'யில்தான். அதைப் 'புயல் சுழி' என்று எழுதினால் கடலில் புயல் அடிப்பதாகத் தோன்றும். வடகோளத்தில் அது கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றுவது, ஆகவே 'இடஞ்சுழி'. எதிர்ச்சுழற்சி 'வலஞ்சுழி', கும்பகோணம் பக்கத்து ஊர்ப்பெயரிலேயே இருக்கும் சொல். தென்கோளத்தில் இரண்டும் இடம் மாறும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இந்த மூன்று சொற்களும் ஒன்றாகத் தேவைப்படும் இடம் இலங்கையின் கிழக்குக் கடல். மே மாதவாக்கில், இலங்கைக்குத் தெற்கே கிழக்கு நோக்கி ஓடும் பருவக்காற்று நீரோட்டம் வளைந்து வங்கக் கடலுக்குள் நுழைகிறது. அதன் இடப்பக்கம், இலங்கைக்குக் கிழக்கே, ஒரு பெரிய இடஞ்சுழி உருவாகிறது. ஆங்கிலத்தில் இதன் பெயர் 'ஸ்ரீலங்கா டோம்'. 'இலங்கைக் குவிமாடம்' என்று அப்படியே பெயர்த்தால் கடல்மட்டம் அங்கே புடைத்திருப்பதாக நினைப்போம். நேர்மாறு: சுழியின் நடுவில் நீர் விலகிப் போவதால் மேல்மட்டம் சற்றுத் தாழ்ந்திருக்கும். மாடமாக எழுவது கீழே இருக்கும் குளிர்நீரின் எல்லை. 'இலங்கை இடஞ்சுழி' என்று சொல்லி, அதன் நடுவே அடிநீர் எழுகிறது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். செப்டம்பர் வாக்கில் அது கலைந்துவிடும். குளிர்காலத்தில் அந்த நீரோட்டமே திசை மாறி மேற்கே ஓடும்.