பத்து மீட்டர் ஆழத்தில் தொலையும் விமானம்

ராமேஸ்வரத்துக்காரர்கள் பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்பார்கள். மன்னார் வளைகுடா ஆண் கடல். அலையடங்கிய பெண் கடலின் சராசரி ஆழம் பத்து மீட்டரைத் தாண்டாது. அங்கே விழுந்த விமானத்தைக் கண்டுபிடிப்பது சுலபம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

1998 செப்டம்பர் 29 அன்று யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட லயன் ஏர் ஆன்டனோவ்-24 விமானம், 55 பேருடன் இந்தக் கடலில் விழுந்தது. போரெல்லாம் முடிந்து, 2012-இல்தான் இரணைத்தீவு அருகே அதன் சிதைவுகள் கிடைத்தன. ஆனால் 2015 ஜூன் 8 இரவு, கண்காணிப்புப் பணியில் இருந்தபோது காணாமல்போன இந்தியக் கடலோரக் காவல்படையின் டார்னியர் விமானம், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழத்திலிருந்து ஒரு மாதத்தில் அகப்பட்டது. முதலாவதில் போர் குறுக்கே நின்றதால் இரண்டையும் அப்படியே ஒப்பிடுவது நியாயமாகாது. ஆனாலும் ஆழக்குறைவு மட்டுமே தேடலுக்குக் கைகொடுத்துவிடாது.

கருப்புப் பெட்டியுடன் (நிறம் ஆரஞ்சுதான்) ‘பிங்கர்’ என்ற சிறு உருளை இணைந்திருக்கும். தண்ணீர் பட்டதும் அது நொடிக்கு ஒருமுறை 37.5 கிலோஹெர்ட்ஸ் ஒலியை எழுப்பும். மனிதக் காதுக்கு எட்டாத ஒலி. பழைய பிங்கர்கள் 30 நாள் தாங்கும், புதியவை 90 நாள். டார்னியரின் ஒலி ஐ.என்.எஸ். சிந்துத்வஜ் நீர்மூழ்கிக்கு எட்டியபோது அந்த 30 நாள் கெடு தீரும் தறுவாயில் இருந்தது.

ஆழ்கடலில் ஒலி பரவ இடமுண்டு. ஆழமற்ற நீரில் அது மேற்பரப்பிலும் தரையிலும் மாறி மாறி மோதுகிறது. சேற்றைத் தொடும் ஒவ்வொரு முறையும் வலுவிழக்கிறது. மிச்சமும் பல வழிகளில் முன்னும் பின்னுமாக வந்து சேர்வதால், திசையைக் கணிப்பதே பெரும்பாடு.

பவளப்பாறைப் பக்கம் போனால் இன்னொரு தொல்லை, சொடுக்கு இறால். விரல் நீளம்கூட இராத இது தன் பெரிய கொடுக்கைச் சட்டென்று மூடும்போது நீர்த்தாரை பீறிடும். அதை ஒட்டி ஒரு குமிழி உண்டாகும். அந்தக் குமிழி நொறுங்குவதுதான் ‘படக்’ ஓசை. கொடுக்குகள் மோதுவதால் வருவதல்ல. 2000-இல் அதிவேகக் கேமரா வைத்துத்தான் இதை உறுதி செய்தார்கள். அந்த ஓசையின் அதிர்வெண்கள் 100 கிலோஹெர்ட்ஸையும் தாண்டும், பிங்கரின் 37.5 அதற்குள் அடக்கம். பாம்பன் மீன் ஏலத்துக்கு நடுவே கிசுகிசுப்பைக் கேட்கும் வேலை இது.

பிங்கர் ஓய்ந்தபின் பக்கவாட்டு சோனார்தான் கதி. படகின் பின்னே இழுபடும் இக்கருவி இருபுறமும் ஒலியை விசிறி, எதிரொலியைப் படமாக்கும். அந்தப் படத்தில் பொருளைவிட அதன் நிழல்தான் உருவத்தைக் காட்டிக்கொடுக்கும். சேற்றில் புதைந்துவிட்டால் நிழலும் இல்லை. காந்தமானியை இறக்கலாம், ஆனால் விமானத்தின் உடல் பெரும்பாலும் அலுமினியம், அதைக் காந்தமானி கண்டுகொள்ளாது. எஞ்சினிலும் சக்கரத் தண்டிலும் உள்ள எஃகுதான் அகப்படும். இழுவைமடி வலை ஓடும் தரையில் இறக்கை ஓரிடம், வால் ஓரிடமாக இழுபட்டுக் கிடக்கவும் கூடும்.

வலை மாட்டிக் கிழிந்த இடங்களை விசைப்படகு மீனவர்கள் ஜிபிஎஸ்ஸில் குறித்துவைப்பதுண்டு. பெரும்பாலும் அங்கே இருப்பது பார் எனப்படும் கடலடிப் பாறைதான். இருந்தாலும் கடல் முழுவதையும் துழாவுமுன் சோனாரை அந்தப் புள்ளிகளில் ஓட்டிப் பார்ப்பது செலவு குறைந்த வழி.