வக்காலத்தில் கையெழுத்திடும் முன்: வழக்கறிஞரின் பதிவும் கட்டணமும்

வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தா முதலில் நீட்டுவது பெரும்பாலும் வக்காலத்துப் படிவத்தைத்தான். வழக்கு எண்ணும் எதிர்த்தரப்பின் பெயரும் நிரப்பப்படாத அந்தத் தாளில் பலர் படித்துப் பார்க்காமலேயே கையெழுத்திட்டு விடுகிறார்கள். வழக்கை நடத்தும் அதிகாரத்தோடு, சமரசம் செய்துகொள்ளவும், நீதிமன்றத்தில் செலுத்தப்படும் தொகையைக் கட்சிக்காரர் சார்பில் பெற்றுக்கொள்ளவும் அதிகாரம் அளிக்கும் வரிகள் அதில் அச்சாகியிருப்பது வழக்கம். விருப்பமில்லாத வரியை அடித்துவிட்டுக் கையெழுத்திடலாம். கட்டணம் எவ்வளவு என்பதைப் பற்றிப் பொதுவாக அதில் ஒரு சொல்லும் இருக்காது. அதைத் தனியே எழுதி வாங்க வேண்டியது கட்சிக்காரரின் பொறுப்பாகிறது.

அதற்கு முன் ஆள் யார் என்று பார்க்க வேண்டும். 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி, மாநில பார் கவுன்சிலில் பதிவு பெற்றவரே நீதிமன்றத்தில் தொழில் செய்ய உரிமையுள்ளவர். பதிவின்றித் தொழில் செய்பவருக்கு 6 மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்க அச்சட்டத்தின் 45-ஆம் பிரிவு இடமளிக்கிறது. தமிழகத்தில் பதிவு எண் 'எம்.எஸ்.' என்று தொடங்கி, வரிசை எண்ணையும் பதிவான ஆண்டையும் கொண்டிருக்கும். ஐயம் இருந்தால், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் கேட்டறியலாம். நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வழக்கறிஞரின் பெயரையோ பதிவு எண்ணையோ கொடுத்துத் தேடினால், அந்த நீதிமன்றத்தில் அவர் எத்தகைய வழக்குகளை நடத்துகிறார் என்பதும் தெரியவரும். வெற்றிக்கு உத்தரவாதம் என்று விளம்பரம் செய்பவரிடம் எச்சரிக்கை தேவை. தொழிலை விளம்பரப்படுத்துவதையே இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன.

தனியார் வழக்கறிஞர் தம் கட்சிக்காரரிடம் பெறும் கட்டணத்துக்கு அரசு நிர்ணயித்த உச்சவரம்பு கிடையாது. வழக்கு முழுவதற்கும் ஒரே தொகை, கட்டத்துக்குக் கட்டம் தொகை, வாய்தாவுக்கு இவ்வளவு என மூன்று முறைகளும் நடைமுறையில் உள்ளன. ஒரே தொகை என்று பேசும்போது அதில் மேல்முறையீடும், தீர்ப்பை நிறைவேற்றக் கோரும் நிறைவேற்று மனுவும் அடங்குமா என்று கேட்காமல் விட்டால், தீர்ப்பு வந்த மறுநாள் புதிய கணக்கு தொடங்கும். செலவு வேறு, கட்டணம் வேறு என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 10 லட்சம் ரூபாய் கடனை வசூலிக்கத் தமிழகத்தில் வழக்குத் தொடுத்தால், 3 சதவீதமாகிய 30,000 ரூபாய் அரசுக்குச் செல்லும் நீதிமன்றக் கட்டணமேயன்றி வழக்கறிஞரின் வருவாய் அல்ல. கொடுத்த பணத்தைக் கட்டணம், செலவு என்று தனித்தனியே கணக்கில் எழுதுவதும், கேட்டால் நகல் செலவைப் பெற்றுக்கொண்டு அக்கணக்கின் நகலைத் தருவதும் வழக்கறிஞரின் கடமை. வழக்கு நடக்கும் காலத்தில், செலவுக்கென்று கொடுத்ததைக் கட்சிக்காரரின் எழுத்துப்பூர்வமான அனுமதியின்றிக் கட்டணமாக மாற்றிக்கொள்ள அவருக்கு உரிமையில்லை.

விபத்து இழப்பீட்டு வழக்குகளில் "வருவதில் இத்தனை சதவீதம்" என்ற பேச்சு இன்றும் சகஜம். ஆனால் வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் பலனில் பங்கு கேட்பதையும் பார் கவுன்சில் விதிகளில் 20-ஆம் விதி தடுக்கிறது. கணவரை விபத்தில் இழந்த பெண்ணிடம் இழப்பீட்டில் சதவீதம் கேட்டு, அதற்காகப் பெற்ற காசோலை திரும்பியதும் வழக்கறிஞர் தொடுத்த குற்ற வழக்கை, 2017-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. முன்பணம் கொடுக்க வழியில்லாத குடும்பத்துக்குச் சதவீதப் பேச்சு உதவியாகத் தோன்றலாம் என்பது உண்மைதான். எனினும் சட்டம் அதை ஏற்பதில்லை.

வழக்கறிஞரை மாற்ற விரும்பினால், பழையவரிடம் ஆட்சேபணை இல்லை என்ற ஒப்புதலைப் பெற்றுப் புதிய வக்காலத்தைத் தாக்கல் செய்வது நடைமுறை. அவர் மறுத்தால் நீதிமன்றத்தின் அனுமதியைக் கோரலாம். கட்டண பாக்கி இருக்கிறது என்பதற்காகக் கேஸ் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. போபாலில் ஒரு கூட்டுறவு வங்கிக்காக வாதாடிய வழக்கறிஞர் அதன் கோப்புகளைத் திருப்பித் தராததிலிருந்து எழுந்த வழக்கு அது. பாக்கிக்காக அவர் தனியே வழக்குத் தொடரலாம். கட்டு மட்டும் கட்சிக்காரருடையது. வழக்கறிஞரே இடையில் விலகினால், போதிய முன்னறிவிப்புத் தந்து, உழைக்காத பகுதிக்குரிய கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

தொழில் ஒழுங்கீனம் குறித்த புகாரை வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்கீழ் மாநில பார் கவுன்சிலில் அளிக்க வேண்டும். கண்டிப்பது முதல் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்குவது வரை தண்டனை விதிக்க அதன் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. நுகர்வோர் ஆணையத்தை நாடும் வழி, உச்ச நீதிமன்றத்தின் 2024 மே மாதத் தீர்ப்புக்குப் பின் அடைபட்டுவிட்டது.

கட்டணம் கொடுத்தே வழக்கறிஞரை அமர்த்த வேண்டும் என்ற கட்டாயமும் எல்லோருக்கும் இல்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர் உள்ளிட்டோர் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வழக்கறிஞரைக் கோரலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தோ, 15100 என்ற எண்ணில் அழைத்தோ இந்த உதவியைக் கேட்கலாம்.