அச்சிட்ட மருந்துச் சீட்டையும் கேள்வி கேட்க வேண்டும்

மருத்துவமனை மருந்தகத்தில் பணியாற்றுகிறவள் என்ற முறையில், கணினிச் சீட்டை வரவேற்பவர்களில் நானும் ஒருத்தி. கையெழுத்தால் நேரும் விபரீதத்துக்கு இங்கிலாந்து வழக்கு ஒன்றை எங்கள் துறையில் அடிக்கடி சொல்வார்கள். நெஞ்சுத் தொற்றுக்கு மருத்துவர் எழுதிய அமாக்ஸிலை, மருந்தாளுநர் டயோனில் என்று படித்துச் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்துவிட, ரத்தச் சர்க்கரை சரிந்து நோயாளியின் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. 1989-இல் மேல்முறையீட்டிலும் நிலைத்த தீர்ப்பு, பொறுப்பில் 75 சதவீதத்தை மருந்தாளுநர் மீதும் 25 சதவீதத்தை மருத்துவர் மீதும் சுமத்தியது. சீட்டில் இருந்த 250 மி.கி. என்ற அளவில் டயோனில் கிடையாது என்பதையாவது மருந்தாளுநர் கவனித்திருக்கலாம்.

நம் நாட்டிலும், மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, கூடுமானவரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று 2016-இலேயே இந்திய மருத்துவக் கவுன்சில் விதி செய்தது. ஆனாலும் இன்சுலின் அளவுக்குப் பின்னால் ஆங்கிலத்தில் ‘U’ என்று சுருக்கி எழுதிய யூனிட், சுழியம் போலத் தெரிந்து 10-ஐ 100 ஆக்கிவிடும் அபாயம் கையெழுத்தில் இருந்துகொண்டேதான் இருக்கிறது. பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் மருந்துகளைக் கணினி வழியே எழுதத் தொடங்கியதும் கடுமையான பிழைகள் 55 சதவீதம் குறைந்ததாக 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது.

மிச்சம் இருக்கும் பிழைகள்தாம் என் கவலை. சில மாதங்களுக்கு முன் முடக்குவாத நோயாளி ஒருவரின் மகள் அச்சிட்ட சீட்டை நீட்டினார்: மெத்தோட்ரெக்சேட் 7.5 மி.கி., 1-0-0 (அதாவது தினமும் காலையில் மட்டும்), 30 நாள். முடக்குவாதத்துக்கு இம்மருந்தை வாரம் ஒரு நாள் மட்டுமே தர வேண்டும். தினமும் சாப்பிட்டால் வாயெல்லாம் புண்ணாகி, எலும்பு மஜ்ஜை செயலிழந்து, உயிரே போகக்கூடும்.

“இதை எந்தக் கிழமை கொடுக்கிறீர்கள், அம்மா?” என்றேன்.

“திங்கட்கிழமைதான். இந்தத் தடவை தினமும்னு மாத்திட்டாங்களோன்னு நினைச்சேன்” என்றவர், பையிலிருந்து பழைய சீட்டை எடுத்தார். கோழி கிளறியது போன்ற கையெழுத்துதான். ஆனால் மருந்தின் அருகே ‘திங்கள் மட்டும்’ என்று தமிழில் எழுதி, இரண்டு முறை வட்டமிட்டிருந்தது. கணினியிலோ அந்தக் கட்டத்தில் ‘தினமும்’ என்பது தானாகவே வந்து நிற்கும். கூட்டம் மிகுந்த வேளையில் அதை யாரும் மாற்றவில்லை.

புரியாத கையெழுத்து என்றால் மருத்துவரிடம் கேட்கத் தோன்றும். பளிச்சென்று அச்சாகியிருக்கும் தவற்றை யாரும் சந்தேகிப்பதில்லை. முதல் மூன்றெழுத்தைத் தட்டியதும் அரிப்புக்கான ஹைட்ராக்ஸிசினும் ரத்தக் கொதிப்புக்கான ஹைட்ரலசினும் அடுத்தடுத்து வந்து நிற்கும் பட்டியலிலும் இதே ஆபத்து உண்டு; ஒன்றுக்கும் உதவாத எச்சரிக்கைகள் நாளெல்லாம் திரையில் குதிப்பதால், உண்மையான எச்சரிக்கையையும் படிக்காமலே மூடிவிடுகிறார்கள்.

அன்றே மருத்துவரை அழைத்துச் சீட்டைத் திருத்தினோம். பிறகு இம்மருந்துக்குக் கிழமையைக் குறிக்காமல் சீட்டே அச்சாகாதபடி மென்பொருளை மாற்றச் செய்தோம். உறையின் மேல் அந்தக் கிழமையைப் பேனாவால் தமிழில் எழுதுவதை மட்டும் நான் இன்னும் விடவில்லை.