வேட்பாளர்: சொல்லுக்குள் இருக்கும் வேட்கை

மக்களவைத் தேர்தல் நெருங்கிவிட்டால் நாளிதழ்களில் வேட்பாளர் என்ற சொல் இல்லாத பக்கமே இருக்காது. வேட்பாளர் நேர்காணல், வேட்பாளர் பட்டியல், வேட்பாளர் அறிமுகக் கூட்டம், வேட்பாளர் மாற்றம். யாருக்கு ஓட்டுப் போடுவது என்று இன்னும் முடிவுக்கு வராதவர்கூட நாளுக்கு நாலு முறையாவது அந்தச் சொல்லை உச்சரித்துவிடுவார்.

வேட்பு + ஆளர் என்று அது பிரியும். வேட்பு என்றால் விருப்பம். அடிச்சொல் வேள். வேட்கை, வேட்டல், வேண்டுதல் எல்லாம் இந்த அடியைச் சேர்ந்தவையே. ஆளர் என்பது உடையவர் என்ற பொருளில் வரும் ஈறு; எழுத்தாளர், உழைப்பாளர், பேச்சாளர் என்பவற்றில் நாம் காண்பது. ஆக வேட்பாளர் என்றால் விருப்பம் உடையவர். எதன்மேல் விருப்பம்? பதவியின்மேல்தான். சொல் இதை மூடி மறைக்கவில்லை. 'எனக்குப் பதவி ஆசை கிடையாது' என்று மேடையில் முழங்குகிற வேட்பாளர் சுவரொட்டியில் தன் பெயருக்கு மேலே அச்சடித்திருக்கும் சொல்லையே மறுக்கிறார் என்று அர்த்தம்.

இந்த வேட்பு வள்ளுவரிடமும் உண்டு. 'வேட்பத்தாம் சொல்லிப் பிறர்சொல் பயன்கோடல் மாட்சியின் மாசற்றார் கோள்' என்பது சொல்வன்மை அதிகாரத்துக் குறள். கேட்பவர் மேலும் கேட்க விரும்பும்படி தாம் பேச வேண்டும். பிறர் பேசும்போது அதிலுள்ள பயனைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டும். நம் தேர்தல் மேடைகளில் முதல் பாதி ஓரளவு நடக்கிறது. இரண்டாம் பாதிக்குத் திறந்த வேனில் ஏறிக் கையசைத்துக்கொண்டே போகிறவருக்கு நேரம் ஏது?

வேட்பாளர் புழக்கத்துக்கு வந்து நெடுங்காலம் ஆகிவிடவில்லை. நம் தாத்தாக்கள் படித்த பத்திரிகைகளில் 'காங்கிரஸ் அபேட்சகர்' என்றுதான் இருக்கும். வடமொழி அபேக்ஷா தமிழில் அபேட்சை ஆனது; பக்ஷி பட்சியானதும் பரீக்ஷை பரீட்சையானதும் போல. அபேட்சை உடையவர் அபேட்சகர். தனித்தமிழ் இயக்கமும் திராவிட இயக்கமும் பொதுமேடைத் தமிழை மாற்றியபோது அக்கிராசனர் தலைவரானார், காரியதரிசி செயலாளரானார், மந்திரி அமைச்சரானார். அந்த வரிசையில் அபேட்சகர் வேட்பாளரானார். மற்ற மாற்றங்களில் பொருள் கொஞ்சம் அங்கே இங்கே நகர்ந்ததுண்டு. இங்கே நகரவே இல்லை. அபேட்சையும் வேட்பும் ஒரே விருப்பம்தான். இதைச் செய்தவர்கள் ஆங்கிலச் சொல்லைப் பார்த்து எழுதாமல் ஏற்கெனவே இருந்த அபேட்சகரைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்பது இதிலிருந்தே தெரியும். அபேட்சகர் இலங்கைத் தமிழில் இன்னும் தலைகாட்டுவதற்கும் காரணம் உண்டு. சிங்களத்திலும் இதே வடசொல்லின் வடிவம்தான் இன்றுவரை வழக்கு.

அக்கம்பக்கத்து மொழிகளில் சொல் வேறு, பார்வை ஒன்று. தெலுங்கிலும் கன்னடத்திலும் அப்யர்த்தி: வேண்டிக் கேட்பவர். மலையாளத்தில் ஸ்தானார்த்தி: பதவியை நாடுபவர். மூடிப் பேசாத சொல் என்று பரிசு கொடுத்தால் அதற்குத்தான் கொடுக்க வேண்டும். இந்தியில் உம்மீத்வார்: நம்பிக்கையோடு காத்திருப்பவர். வேலை தேடி அலைபவரையும் அதே சொல்லால் குறிப்பதுண்டு.

ஆங்கிலத்து கேண்டிடேட் மட்டும் ஆசையை விட்டுவிட்டு ஆடையைப் பிடித்துக்கொண்டது. லத்தீனில் கேண்டிடுஸ் என்றால் பளிச்சிடும் வெள்ளை. பழைய ரோமில் பதவிக்கு நிற்பவர்கள் தங்கள் மேலாடையில் சுண்ணப்பொடி தேய்த்து இன்னும் வெளுப்பாக்கிக்கொண்டு சந்தைவெளியில் உலா வருவார்கள். அந்த 'வெள்ளையுடுத்தவர்' என்ற சொல்தான் பிரெஞ்சு வழியாகவும் நேராகவும் ஆங்கிலத்துக்கு வந்தது. ஓட்டுக்காக ஆடையை வெளுப்பாக்கக் கூடாது என்று கிமு 432 வாக்கில் ஒரு சட்டமே போட்டார்கள் என்று லிவி என்ற வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். சட்டம் எடுபடவில்லை. நம் ஊர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டைக்கும் இதற்கும் தொடர்பு ஏதும் இல்லை. வேட்டிக்கும் வேட்பாளருக்கும் சொல்லுறவும் இல்லை. இருந்தாலும் சிரிப்பு வராமல் இருக்காது.

அதே ரோமிலிருந்து இன்னொரு சொல். ஓட்டுக் கேட்டுச் சுற்றி வருவதை அவர்கள் அம்பிட்டியோ என்றார்கள். சுற்றிப் போதல் என்பது பொருள். பெருவிருப்பத்தைக் குறிக்கும் அம்பிஷன் என்ற ஆங்கிலச் சொல் இதிலிருந்து பிறந்தது. இதன் உடன்பிறப்பான அம்பிட்டுஸ் தேர்தல் லஞ்சம் என்ற குற்றத்தின் பெயராகவே சட்டத்தில் நின்றுவிட்டது. ஓட்டுக்குப் பணம் என்பது இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டின் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். நம் பங்குக்கு 2019 இல் வேலூர் மக்களவைத் தேர்தல் பணப் பிரச்சினையால் வாக்குப்பதிவுக்குச் சற்று முன்பு ரத்தாகி ஆகஸ்டில் நடந்தது.

கேண்டிடேட் என்ற சொல்லைக் கண்ட இடமெல்லாம் வேட்பாளர் என்று பெயர்த்துவிடுவது தவறு. தேர்வு எழுதுபவர் தேர்வர், இலங்கையில் பரீட்சார்த்தி. வேலைக்கு மனுப் போட்டவர் விண்ணப்பதாரர். தேர்தலில் நிற்பவர் மட்டுமே வேட்பாளர். இதை மறந்து 'நேர்முகத் தேர்வுக்கு வந்த வேட்பாளர்கள்' என்று எழுதும் வேலைவாய்ப்பு விளம்பரங்களைப் பார்க்கிறோம். தேர்தலுக்குள்ளேயும் ஒரு நுணுக்கம் உண்டு. மனுக் கொடுத்தவுடன் ஒருவர் வாக்குச்சீட்டில் ஏறிவிடுவதில்லை. மனுப் பரிசீலனை முடிந்து, விலகிக்கொள்ளும் கெடுவும் தாண்டிய பிறகு மிஞ்சுபவர்தான் போட்டியிடும் வேட்பாளர். 2024 இல் சூரத் தொகுதியில் அந்தக் கெடு முடிந்தபோது ஒரே ஒருவர்தான் மிஞ்சினார். அங்கே வாக்குப்பதிவே நடக்கவில்லை. இன்னொன்று: 'வேட்புமனுத் தாக்கல்' என்பதிலுள்ள தாக்கலுக்கும் தாக்குதலுக்கும் உறவில்லை. அது தாகில் என்ற உருதுச் சொல். உள்ளே சேர்த்தல் என்று பொருள்.

இப்போது ஓட்டுப் போடுகிறவரைக் குழப்புகிற ஒரு தொடருக்கு வருவோம்: பிரதமர் வேட்பாளர். சட்டத்தில் அப்படி ஒருவர் கிடையாது. நம் கையில் இருக்கும் ஓட்டு 543 தொகுதிகளில் ஒன்றின் உறுப்பினருக்கானது. பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அவையில் பெரும்பான்மை, அதாவது அவை நிரம்பியிருந்தால் 272 பேர், அவர் பின்னால் இருக்க வேண்டும். 1996 இல் தேவகவுடா அந்த மக்களவைத் தேர்தலில் நிற்காமலேயே பிரதமரானார். மன்மோகன் சிங் 2004 முதல் பத்தாண்டுகள் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபடியே ஆண்டார்; 2004 தேர்தலின்போது அவரைப் பிரதமர் வேட்பாளர் என்று யாரும் சொல்லியிருக்கவும் இல்லை. மறுபக்கம், 2013 செப்டம்பரில் நரேந்திர மோதியைப் பிரதமர் வேட்பாளராகப் பாஜக அறிவித்தது. 2014 தேர்தல் முழுவதும் அந்த ஒரு பெயரைச் சுற்றியே நடந்தது. ஆக இந்தத் தொடர் சட்டத்தில் இல்லாவிட்டாலும் நம் முடிவில் இருக்கிறது.

அதனால்தான் பலருக்கு இழுபறி. தொகுதியில் நிற்பவர் நல்லவர், அவர் கட்சி பிடிக்கவில்லை. அல்லது கட்சி பிடிக்கிறது, நிற்பவரை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. 'ஆளைப் பார்த்து ஓட்டுப் போடு' என்று பெரியவர்கள் சொல்வது பஞ்சாயத்துத் தேர்தலுக்குச் சரி. மக்களவைக்கு அது பாதிதான் சரி என்பது என் எண்ணம். 1985 இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் அரசமைப்பின் பத்தாம் அட்டவணையாக வந்தது. கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி அவையில் வாக்களித்தால் பதவியே போகலாம். எவ்வளவு நல்ல மனிதரானாலும் முக்கியமான மசோதாவில் அவர் கை கட்சி சொன்ன பக்கம்தான் உயரும். இதில் ஒரு வேடிக்கை, வாக்குப்பதிவு இயந்திரத்தில் கட்சிப் பெயர் இருக்காது. பெயர், படம், சின்னம் மட்டுமே. படம்கூட 2015 க்குப் பிறகு வந்ததுதான். ஒரே பெயரில் நாலைந்து பேரை நிறுத்திக் குழப்பும் உத்திக்கு அது மாற்று. 2024 இல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது அதே பெயரில் இன்னும் சிலர் பட்டியலில் இருந்தார்கள்.

வேட்பாளர் அவர் வேலையைச் சொல்லும் சொல் என்றால், நம் வேலையைச் சொல்லும் சொல் தேர்தல். இதன் அடி தேர். தேர்தல் என்றால் ஆராய்தல், ஆராய்ந்து தெளிதல். பொறுக்கி எடுப்பது அதற்குப் பிறகு வருவது. எலெக்‌ஷனின் லத்தீன் மூலத்தில் பொறுக்கி எடுப்பது மட்டுமே உண்டு. 'தேறற்க யாரையும் தேராது தேர்ந்தபின் தேறுக தேறும் பொருள்' என்று தெரிந்து தெளிதல் அதிகாரத்தில் வருகிறது. ஆராயாமல் யாரையும் நம்பாதே; ஆராய்ந்த பிறகும், அவரிடம் நம்பத் தகுந்ததை மட்டும் நம்பு. கடைசிப் பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. முழு ஆளையும் நம்பச் சொல்லவில்லை வள்ளுவர்.

ஆராய என்ன இருக்கிறது என்று கேட்டால், படிவம் 26 இருக்கிறது. வேட்புமனுவோடு ஒவ்வொருவரும் கொடுக்க வேண்டிய பிரமாணப் பத்திரம். நிலுவையிலுள்ள குற்ற வழக்குகள், தண்டனைகள், தன் பெயரிலும் துணைவர் பெயரிலும் உள்ள சொத்து, கடன், படிப்பு, ஐந்தாண்டு வருமான வரிக் கணக்கில் காட்டிய தொகை. 2002 இல் உச்ச நீதிமன்றம், நிற்பவரைப் பற்றி அறிவது வாக்காளரின் உரிமை என்று தீர்ப்புச் சொன்ன பிறகே இது வந்தது. கட்டங்களை வெறுமையாக விட்டால் மனுவை நிராகரிக்கலாம் என்று 2013 இல் இன்னொரு தீர்ப்பு. குற்ற வழக்கு உள்ளவர்கள் அதை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரமாகச் சொல்ல வேண்டும். அந்த விளம்பரம் எத்தனை சின்ன எழுத்தில் எந்த மூலையில் வருகிறது என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். பத்திரம் முழுவதும் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கும். சென்ற முறையும் நின்றவரானால் பழைய பத்திரத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்லது. ஐந்தாண்டில் சொத்து எப்படி வளர்ந்தது என்பது மேடைப் பேச்சைவிட நிறையச் சொல்லும். கட்சியின் பக்கத்துக்கு, அவர்கள் எம்பிக்கள் சென்ற அவையில் எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார்கள் என்று பாருங்கள். தேர்தல் அறிக்கையை அதன் பிறகு படித்தால் போதும்.

சுயேச்சை என்ற சொல்லையும் விட்டுவிட முடியாது. சுய + இச்சை, சொந்த விருப்பம். 'சுயேட்சை' என்று எழுதுவது பிழை. அபேட்சகரின் 'ட்' பழக்கத்தில் ஒட்டிக்கொண்டதோ என்னவோ. பொருளைப் பார்த்தால் சுயேச்சை வேட்பாளர் என்பது 'தன் விருப்பத்தால் விரும்புகிறவர்'. இரட்டை வேட்கை!

இரட்டை வேட்கையைப் பொய்யாக்கிய சுயேச்சைகளும் உண்டு. 1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோட்டுப் பக்கத்து மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்றார்கள். தங்கள் குறைகளை நாடு கவனிக்க வேண்டும் என்று விவசாயிகள் திரளாகப் போய் மனுக் கொடுத்ததன் விளைவு. வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியிருந்தது. நின்றவர்களில் பலருக்கு ஒரு ஓட்டும் விழவில்லை. அவர்கள் வேட்டது பதவியை இல்லை என்பதால் அவர்களுக்கு அது தோல்வியும் இல்லை. அந்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டு மக்களவைக்கான கட்டுத்தொகை 500 ரூபாயிலிருந்து 10,000 ஆனது. இப்போது 25,000, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. பதிவான செல்லுபடியாகும் ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால் பணம் திரும்பாது. இத்தனைக்குப் பிறகும் 2024 இல் கரூர் மக்களவைத் தொகுதியில் 54 பேர் களத்தில் இருந்தார்கள். ஒரு இயந்திரத்தில் 16 பெயர்தான் கொள்ளும் என்பதால் நோட்டாவையும் சேர்த்து வாக்குச்சாவடிக்கு நான்கு இயந்திரங்களை வரிசையாக வைத்தார்கள்.